பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடாகிறதா? சாமான் மாற்றும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, காடி மறுபடியும் சூடாயிருச்சு. டூத்தா டோல் தாண்டல, அதுக்குள்ள முள்ளு மேல போயிருச்சு. ஓரமா நிறுத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லாத."

அவனுடைய கார் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 2001-இல் பதிவு செய்யப்பட்டது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின், இரட்டை கேம், 16 வால்வு. புரோட்டோன் நிறுவனம் 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன்வசப்படுத்திய பிறகு வந்த கார் என்பதால், அதன் ஓட்டத்தைச் சீர்செய்து கொடுத்ததும் லோட்டஸ் பொறியாளர்கள்தான். இன்றைக்கும் அந்தக் காரைப் பார்த்தால் திரும்பிப் பார்க்கும் இளைஞர்கள் நம்மிடையே அதிகம். தம்பி மூன்று ஆண்டுகள் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கினான்.

அந்த ஆண்டு மட்டும் சூட்டுக்காக அவன் செலவழித்தது ஏறக்குறைய 1,500 ரிங்கிட். முதல் பட்டறையில் ரேடியேட்டரை மாற்றினார்கள். தடிமனான அலுமினிய ரேடியேட்டர். சூடு நிற்கவில்லை. அடுத்த பட்டறையில் வாட்டர் பம்ப். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒருவர், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார். அதற்குப் பிறகும் முள் மேலே போனது.

முக்கால் மணி நேரம் காத்திருந்து, எஞ்சின் ஆறியபின் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டான். நெரிசல் விலகியதும் முள் தானாக நடுவுக்கு வந்துவிட்டது. ஈப்போ வரை 110-இல் ஓட்டியும் அசையவில்லை. சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எங்கள் பெரியப்பா பலகை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தே வேலை ஓய்வு பெற்றவர். எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்போடா சூடாவுது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. மூன்று பட்டறைகளில் அதை யாரும் கேட்கவில்லை.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் தண்ணீர்தான் சுமந்து சென்று வெளியே விட வேண்டும்.

வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்ற சிறிய கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகும். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் 82 அல்லது 88 டிகிரி வந்ததும் அந்தக் கதவு திறக்கத் தொடங்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதை ஆற்றும். கார் நிற்கும்போது ஃபேன் ஆற்றும். ரேடியேட்டர் மூடி இவை அனைத்தையும் அழுத்தத்தில் வைத்திருக்கும். 0.9 பார் என்று அச்சிட்ட மூடி சரியாக இருந்தால், வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் அதைவிடக் கூடுதல் சூட்டையும் தாங்கும்.

ஆக, பம்ப், கதவு, காற்று, அழுத்தம், போதுமான தண்ணீர் ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஐந்தில் எது கெட்டாலும் முள் ஒரே மாதிரிதான் மேலே போகும். அதனால் முள்ளை மட்டும் பார்த்து எது பழுது என்று சொல்ல முடியாது. அது எப்போது ஏறுகிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நெரிசலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால்

இது காற்றுக் கோளாறு. கார் ஓடும்போது எதிர்க்காற்று இருப்பதால் ஃபேன் இல்லாவிட்டாலும் தெரியாது. நின்றால் தெரிந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியவை: ஃபேனின் ஃபியூஸ், ரிலே, பிளக், சூட்டை அறிந்து ஃபேனை இயக்கும் சுவிட்ச். அடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏர்கோன் கண்டன்சர். 20 ஆண்டு தூசியும் பூச்சியும் அதன் இடுக்குகளை அடைத்திருக்கும்.

நெடுஞ்சாலையிலோ மேட்டிலோ ஏறி, நின்றால் இறங்கினால்

இது பெரும்பாலும் நீரோட்டக் கோளாறு. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது எஞ்சின் அதிகச் சூட்டைக் கக்குகிறது. அதைச் சுமக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டர் உள்ளே துருவும் சுண்ணாம்பும் அடைத்திருக்கலாம். பம்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். பெல்ட் வழுக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி மட்டுமே திறக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று கீழ் ரப்பர் குழாய். பழையதாகி மெலிந்துவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது பம்பின் உறிஞ்சலில் அது சப்பிப்போகும். ஒருவர் எக்சிலேட்டரை அழுத்த, இன்னொருவர் கையை உள்ளே விடாமல் எட்ட நின்று பார்த்தாலே தெரியும்.

எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே ஏறினால்

தண்ணீர் குறைவு, உள்ளே காற்று சிக்கியிருப்பது, தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகிவிட்டது, அல்லது ஹெட் கேஸ்கெட். டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களில் எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும். நீண்ட குழாய்களில் காற்று எளிதாகச் சிக்கும். தண்ணீர் மாற்றியபின் காற்றை முறையாக வெளியேற்றாவிட்டால் நல்ல காரும் கொதிக்கும்.

முள் குதித்துக் குதித்து ஆடினால்

ஒன்று, உள்ளே காற்றுக் குமிழ். அல்லது முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சாரிலோ அதன் வயரிலோ கோளாறு. எஞ்சின் உண்மையில் சூடாகாமலே இருக்கலாம்.

தண்ணீர் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால்

இதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, எண்ணெய் மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் படிவு, குளிர்ந்த எஞ்சினை இயக்கிய உடனே மேல் குழாய் கல்லாக இறுகுவது, தண்ணீர்த் தொட்டியில் விடாமல் குமிழி வருவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்

அன்று மாலை பெரியப்பா செய்தது மிக எளிமையான சோதனை. தம்பி "ஜேம்லதான் பெரியப்பா, ஓட்டினா இறங்கிடுது" என்றதும், எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டு ஃபேன் இயங்கும் வரை காத்திருந்தார். ஃபேன் சுழன்றது. "அதான் ஓடுதே" என்றான் தம்பி. பெரியப்பா பழைய நாளிதழில் ஒரு தாளைக் கிழித்து, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார்.

ஃபேன் சரியாக இருந்தால் அந்தத் தாள் கம்பித் தட்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. அவர் பக்கமாகப் பறந்தது.

ஃபேன் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தது. தடிமனான புது ரேடியேட்டரைப் பொருத்தியபோது பழைய ஃபேன் கூடு இடம் கொள்ளவில்லை. அதைத் தூக்கிவிட்டு, ஃபேனை நேராக ரேடியேட்டரில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருக்கிறார்கள். வயரை வெட்டி ஒட்டியபோது இரண்டு முனைகளையும் மாற்றி ஒட்டிவிட்டார்கள். இந்த வகை மோட்டாரில் முனை மாறினால் சுழற்சியும் மாறும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ரேடியேட்டர் மாற்றுவதற்கு முன்பே ஏன் சூடானது? அதற்கும் விடை அங்கேயே தொங்கியது. வெட்டி விட்ட பழைய பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. 20 ஆண்டுகளில் உள்ளே துரு பிடித்து, மின்சாரம் ஒழுங்காகப் போகாமல் ஃபேன் சோர்ந்திருக்கிறது. உண்மையான நோய் அந்த பிளக் மட்டுமே. மற்றதெல்லாம் வைத்தியத்தால் வந்த நோய்.

தாள் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. இதேபோல் வீட்டிலேயே செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு.

முதலாவது, காலையில் எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். துரு நிறமாக இருந்தால் உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மொத்தச் சாமான்களிலேயே விலை குறைந்தது அதுதான்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் சோதனை. கழற்றி எடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள். ஒரு வெப்பமானியும் கூட இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டின் மேல் அச்சிட்ட டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் நன்றாகத் திறந்தால் நல்லது.

மூன்றாவது, முள் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. புதிய கார்களில் கருவியைச் செருகினால் டிகிரி தெரிந்துவிடும். இந்த வயதுக் கார்களில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி உதவும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அது தவறான அளவு காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் பாருங்கள். 85 முதல் 100 டிகிரிக்குள் இருந்தால் எஞ்சின் இயல்பாக இருக்கிறது, சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதே கருவியை ரேடியேட்டர் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருந்து ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே அடைப்பு.

இதற்குப் பிறகுதான் பட்டறை. அங்கேயும் சாமான் மாற்றச் சொல்லுமுன் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இரண்டு, ரேடியேட்டர் வாயில் நீல நிற ரசாயனத் திரவக் குழாயை வைத்துப் பார்ப்பது. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றாமலே கேஸ்கெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழி அது.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் கூடுதலாகக் கவனிக்க

இந்தக் கார்கள் கைமாறிக் கைமாறி வந்தவை. முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்பதைத் தேடிப் பாருங்கள். அழகுக்காக மாற்றிய பம்பர் காற்று வழியை மறைத்திருக்கலாம். டர்போ போட்டவர் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்திருப்பார். காற்றை ரேடியேட்டர் பக்கம் திருப்பும் அடித்தட்டு கழன்று விழுந்து, யாரும் திரும்பப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். ஃபேன் கூடு இல்லாமல் போனால், ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் மீதிப் பகுதி வீணாகும். எவ்வளவு தடிமனான ரேடியேட்டர் போட்டாலும் அதன் வழியே காற்று போகாவிட்டால் பயனில்லை.

நம்மிடையே உள்ள இரண்டு பழக்கங்கள்

தோட்டத்து லோரிகளில் இருக்கைக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குறைந்தால் ஊற்றுவோம், குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ. அந்த நாளில் அதற்கு வழி வேறில்லை. ஆனால் சத்ரியா ஜிடிஐயின் எஞ்சினில் அடிப்பகுதி இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களும் வெறும் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அரிப்பு வேகமாகும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. வீடு வந்து சேர்ந்ததும் வடித்துவிட்டு, கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்து ஊற்றிவிட வேண்டும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கும், பிள்ளைகள் கை படும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது. மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாட்டால் சூடான கார் அதைக் கழற்றியதும் குணமாகும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பழக்கம் பரவியது. ஆனால் குணமாக்கியது கெட்ட சாமானை அகற்றியதுதான். அதன் இடத்தில் நல்லதை வைத்தாலும் குணமாகியிருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் போதிய சூடு பெறாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் செலவும் தேய்மானமும் கூடும். தம்பியின் காரில் "பெட்ரோல் ரொம்பக் குடிக்குது" என்ற குறை எப்போது தொடங்கியது என்று கணக்குப் பார்த்தபோது, தெர்மோஸ்டாட் போன வாரத்திலிருந்துதான்.

சாலையில் முள் ஏறினால்

முதலில் ஏர்கோனை அணையுங்கள். பாதுகாப்பான இடத்தில், நெடுஞ்சாலை என்றால் அவசரத் தடத்தில், அபாய விளக்கைப் போட்டு நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அளவு மீறிச் சூடானால் நேராகத் திரும்பாது. அதோடு பழுதுச் செலவு நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குப் போய்விடும்.

குடும்பத்தோடு தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடேறி அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர். மூடி திறந்த நொடியில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் குழாயைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறியதும், தடித்த துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகி, சீற்றம் முழுவதும் அடங்கிய பிறகே எடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுழலும், விரல்கள் பத்திரம்.

பட்டறைக்குப் போகும்போது

தீபாவளி முடிந்த மறுவாரம் வேலை நடந்தது. புது பிளக், புது ரிலே, சரியான திசையில் வயர், தெர்மோஸ்டாட், தகரக் கடையில் அளவு கொடுத்துச் செய்த அலுமினியக் கூடு. எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. அதற்கு முன் போன 1,500 திரும்பி வராது.

மூன்று பட்டறைக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. "காடி சூடாவுது" என்று மட்டும்தான் தம்பி அவர்களிடம் சொல்லியிருக்கிறான். வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டு மருத்துவரிடம் கைநீட்டியது போல. அவர்களும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

ஆகவே, பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா? எஞ்சினை இயக்கி எத்தனை நிமிடத்தில்? ஏர்கோன் போட்டால் மட்டுமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் குறைகிறது? கடைசியாக எந்தச் சாமான் மாற்றினீர்கள், அதற்குப் பிறகு புதிதாக என்ன குறை வந்தது? ஐந்து வரி போதும். அதை ஃபோர்மன் கையில் கொடுங்கள். படித்துப் பார்க்காமலே "ரேடியேட்டர் மாத்தணும்" என்று சொன்னால், தாளை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் அந்தக் கார் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்தது. முள் நடுவிலேயே நின்றது. தம்பி அதைப் படம் பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினான். "ரோட்டப் பாத்து ஓட்டு" என்று பதில் வந்தது.